கீமோவுக்கு முன் என்எல்ஆர் 2.8, இப்போது 9.6. அக்காவுக்கு நோய் ஏறுகிறதா?

கேள்வி: உசிலம்பட்டி தங்கை

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், தையல் வேலை பார்க்கிறேன். என் அக்காவுக்கு 44 வயது. வலது மார்பில் கட்டி. மதுரையில் பயாப்சி எடுத்துப் பார்த்துவிட்டு ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம், மூன்றும் நெகட்டிவ் என்றார்கள். அக்குளில் ஒரு நெறியும் இருக்கிறது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், கடைசியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சிவப்பு மருந்து ஒரு தடவை ஏறிவிட்டது. இந்த வாரம் இரண்டாவது.

உறவில் ஒரு தம்பி நர்சிங் படிக்கிறான். ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்து, வெள்ளணுவில் நியூட்ரோபில் என்ற வகையை லிம்போசைட் என்ற வகையால் வகுத்தால் என்எல்ஆர் என்று ஒரு எண் வரும், மார்பகப் புற்றுநோயில் அது 5-க்கு மேல் போனால் பிழைப்பது கஷ்டம் என்று ஒரு காணொளியில் பார்த்ததாகச் சொன்னான். கூடத்தில் உட்கார்ந்துதான் சொன்னான். அக்காவும் அங்கேதான் இருந்தாள்.

மூன்று ரிப்போர்ட் இருக்கிறது. கீமோவுக்கு முன்: மொத்த வெள்ளணு 8,400, பாலிமார்ஃப் (நியூட்ரோபில்லைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள்) 68 சதவீதம், லிம்போசைட் 24 சதவீதம். கீமோ போட்டு பத்து நாள் கழித்து: 1,900, பாலிமார்ஃப் 40, லிம்போசைட் 48. நேற்று எடுத்தது: 19,200, பாலிமார்ஃப் 86, லிம்போசைட் 9. தம்பி கணக்கில் நேற்றையது 9.6.

நேற்று ராத்திரியிலிருந்து அக்கா சாப்பிடவில்லை. "ஏறுகிற நோய்க்கு எதற்கு இனி ஊசி, இருக்கிற நகையாவது பிள்ளைக்கு மிஞ்சட்டும்" என்கிறாள். அண்ணி கருஞ்சீரகமும் மஞ்சள் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார், அழற்சியைக் குறைக்குமாம். இன்னொருவர் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நோய் நிஜமாகவே ஏறுகிறதா?

பதில்: கோரிப்பாளையம் லேப்காரர்

தங்கச்சி, பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு விவரம் வேண்டும். இரண்டாவது ரிப்போர்ட்டுக்கும் நேற்றைய ரிப்போர்ட்டுக்கும் நடுவில் அக்காவுக்கு ஊசி ஏதாவது போட்டார்களா? தோலுக்கடியில், வயிற்றிலோ கையிலோ போடுகிற சின்ன ஊசி? வாந்திக்கு டெக்ஸா மாத்திரை எப்போது நிறுத்தினீர்கள்? காய்ச்சல், பல்வலி, சளி ஏதாவது உண்டா?

உசிலம்பட்டி தங்கை

ஆமாம் அண்ணே. செல் ரொம்பக் குறைந்துவிட்டது என்று வயிற்றில் தினமும் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பால் கடையில் வைத்திருந்து, ஊர் நர்ஸ் அக்கா வந்து போட்டுவிட்டார். கடைசி ஊசி போட்ட மறுநாள் காலையில் எடுத்த ரத்தம்தான் நேற்றையது. டெக்ஸா முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. காய்ச்சல், சளி, பல்வலி எதுவும் இல்லை. இடுப்பும் தொடையும் குடைகிறது என்கிறாள், அது ஒன்றுதான்.

பதில்: கோரிப்பாளையம் லேப்காரர்

அப்படியானால் அந்த 9.6 ஊசி செய்த வேலை. அக்காவிடம் இதை முதலில் சொல்லிவிட்டு, அவர் ஒரு வாய் சாப்பிட்டதும் மீதியைப் படியுங்கள்.

பெரியாஸ்பத்திரி பக்கத்து லேப்களில் இருபது வருஷத்துக்கு மேலாக ரத்தம் பார்க்கிறேன். கீமோ ஆட்களின் ரிப்போர்ட் என் கையில் படாத நாள் கிடையாது. அக்காவுக்குப் போட்டது ஜி-சிஎஸ்எஃப் வகை ஊசியாக இருக்கும், பெரும்பாலும் ஃபில்கிராஸ்டிம். எலும்பு மஜ்ஜையை உசுப்பி நியூட்ரோபில்லை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. இடுப்பும் தொடையும் குடைவது அதனால்தான், அங்கேதான் மஜ்ஜை அதிகம். போட்ட மறுநாள் கவுண்ட் பார்த்தால் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று நிற்பது சாதாரணம். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் பாதியாக இறங்கிவிடும்.

இப்போது உங்கள் மூன்று ரிப்போர்ட்டையும் சதவீதத்தை விட்டுவிட்டு முழு எண்ணிக்கையாகப் போட்டுப் பார்ப்போம். லிம்போசைட் முதலில் 8,400-இல் 24 சதவீதம், அதாவது 2,016. பத்தாம் நாள் 912. நேற்று 19,200-இல் 9 சதவீதம், 1,728. பழைய அளவை நெருங்கி வந்துவிட்டது. 9 என்று பார்த்ததும் லிம்போசைட் செத்துப் போனது போலத் தெரிகிறது, உண்மையில் அது மீண்டிருக்கிறது. நியூட்ரோபில் 16,500 ஆனதால் பங்கில் சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். தம்பி வகுத்த கணக்கில் தப்பில்லை. ஆனால் மேலே இருக்கிற எண் மருந்துப் பாட்டிலிலிருந்து வந்தது.

அதைவிட, தம்பியை அந்தப் பத்தாம் நாள் ரிப்போர்ட்டையும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40-ஐ 48-ஆல் வகுத்தால் 0.83. குறைந்தால் நல்லது என்ற அவன் கணக்குப்படி அக்காவுக்கு அதுதான் மிக நல்ல நாள். ஆனால் அன்று அவர் உடம்பில் இருந்த நியூட்ரோபில் 1,900-இல் 40 சதவீதம், வெறும் 760. ஒரு காய்ச்சல் வந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். கீமோ நடக்கும்போது என்எல்ஆரை வைத்து நோயைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு தாளே போதும். அந்தக் காகிதத்தில் வீட்டு ஆட்கள் பார்க்க வேண்டிய எண் ஏஎன்சி, நியூட்ரோபில்லின் முழு எண்ணிக்கை. அடுத்த கீமோ போடலாமா, தள்ளலாமா என்று டாக்டர் பார்ப்பதும் அதைத்தான். பொதுவாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள். ஊசி போட்ட மறுநாள் எடுத்தது என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் ஒரு நாள் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னாலும் சொல்வார்.

லேப் ஆளாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்ப்பக்கம் பல இடங்களில் இருப்பது வெள்ளணுவை மூன்று வகையாக மட்டும் பிரிக்கிற மெஷின். இந்த ஊசி போட்டவர்களுக்குப் பிஞ்சு செல்கள் வெளியே வரும், மெஷின் அங்கே தடுமாறும். ஸ்லைடு போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, கண்ணால் எண்ண வேண்டும். அப்படி எண்ணும்போது வழக்கமாக நூறு செல்தான் எண்ணுவோம். நூறில் 9 லிம்போசைட் என்று நான் எழுதினால், அதே ஸ்லைடில் பக்கத்துச் சீட்டுக்காரர் வேறு மூலையிலிருந்து எண்ணி 6 என்றோ 13 என்றோ எழுதலாம், இரண்டுமே சரியாக இருக்கும். 6 என்றால் விகிதம் 14-ஐத் தாண்டும், 13 என்றால் 6 சொச்சம். ஒரே ஆள், ஒரே ட்யூப். ஊதா மூடி ட்யூபில் எடுத்த ரத்தம் உசிலம்பட்டியிலிருந்து மதியப் பஸ்ஸில் சூட்டோடு வந்து சாயங்காலம் மெஷினில் ஏறினால் அதுவும் கணக்கை மாற்றும். முடிந்தவரை ஒரே லேபில், காலையில், எடுத்த சில மணி நேரத்துக்குள் பார்க்கிற இடத்தில் கொடுங்கள்.

பதில்: மேலூர்க்காரி

தாயி, எனக்கும் மார்பில்தான், வேறு வகை. கீமோ, ஆபரேஷன், கரண்ட் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறேன். எண்ணைப் பற்றி லேப் தம்பி சொல்லிவிட்டார். நான் வீட்டு விஷயம் சொல்கிறேன்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடு. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. 100.4 காட்டினால், நடு ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே. பாராசிட்டமால் போட்டு இறக்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று நினைக்கவே நினைக்காதே, மாத்திரை காய்ச்சலை மறைக்கும், உள்ளே கிருமி ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஆட்டோ வைத்திருக்கிற பையனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று. ஒரு நாள் கூப்பிட வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் "கீமோ போட்ட ஆள், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் சுவரொட்டி, ஈரல் எல்லாம் கொடுக்கிறார்கள் நம் பக்கம், ரத்தம் ஊறும் என்று. நன்றாக வேக வைத்துக் கொடு. பப்பாளி இலையைப் பச்சையாக அரைத்துச் சாறு கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். செல் குறைந்திருக்கும்போது பச்சையாக எதுவும் வேண்டாம்.

அக்காவைத் திட்டாதே. அந்த நகைப் பேச்சு எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேள். இல்லாவிட்டால் பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையத்தில் விசாரியுங்கள். பணத்துக்காக நடுவில் நிறுத்துவது என்ற பேச்சே வேண்டாம்.

உசிலம்பட்டி தங்கை

அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள். லேப் அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன், 0.83 கணக்கை அவளே பேப்பரில் போட்டுப் பார்த்தாள். அட்டை இருக்கிறது, ஊசி, மருந்து அதில்தான் போகிறது, பஸ்ஸும் வெளி டெஸ்ட்டும்தான் கைக்காசு.

ஆனால் இப்போது ஒரு கேள்வி கேட்கிறாள். ஊசிக்கு முன்னால், கீமோவுக்கும் முன்னால் எடுத்த முதல் ரிப்போர்ட்டில் 2.8 வருகிறதே, அது நல்லதா, கெட்டதா? அந்த ஆராய்ச்சி எல்லாம் பொய்யா?

பதில்: புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர், மதுரை

சகோதரி, ஆராய்ச்சி பொய்யில்லை. உங்கள் அக்கா கேட்டது சரியான கேள்வி. ஊசிக்கும் கீமோவுக்கும் முன் எடுத்த ரத்தத்தில்தான் இந்த எண்ணுக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

கட்டி தனியாக வளர்வதில்லை. சுற்றியிருக்கும் உடம்பைத் தனக்கு வேலை செய்ய வைக்கிறது. கட்டியும் அதைச் சுற்றியுள்ள செல்களும் ஐஎல்-6 போன்ற சில பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அதனால் மஜ்ஜை அதிக நியூட்ரோபில்லை அனுப்புகிறது, கல்லீரல் சிஆர்பி சுரக்கிறது. கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளரவும், செல்கள் திசுவைக் கிழித்துக்கொண்டு வெளியேறவும் நியூட்ரோபில்கள் துணை போகின்றன. லிம்போசைட்டுகளோ கட்டியைத் தாக்குகிற பக்கம். மூன்றும் நெகட்டிவ் வகையில், கட்டிக்குள்ளேயே லிம்போசைட் நிறையப் புகுந்திருந்தால் கீமோ நன்றாகக் கேட்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆகவே ரத்தத்தில் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்க்கலாமே என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது. விலையும் கிடையாது, எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கிறது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இப்படி ஒரு எண் கைகூடினால் பெரிய உதவி என்று நானும் நம்புகிறேன்.

2017-இல் மார்பகப் புற்றுநோய் ஆய்வுகள் 15-ஐச் சேர்த்து, 8,563 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தார்கள். என்எல்ஆர் அதிகமாக இருந்தவர்களுக்கு இறப்பின் வேகம் 2.56 மடங்கு, நோய் திரும்புவது அல்லது இறப்பது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1.74 மடங்கு என்று வந்தது. ஹார்மோன் நெகட்டிவ் ஆனவர்களில் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. தம்பி பார்த்த காணொளி இதைப் போன்ற ஒன்றிலிருந்து வந்திருக்கலாம்.

ஆனால் 'அதிகம்' என்றால் எவ்வளவு? அந்த 15 ஆய்வுகளில் ஒன்று 1.9-இல் கோடு போட்டது, இன்னொன்று 5-இல் போட்டது. உயிரோடு இருப்பதைக் கணக்கிட்ட ஆய்வுகளில் நடுவாக வந்த கோடு 3.0, நோய் திரும்புவதைக் கணக்கிட்டவற்றில் 2.5. உங்கள் அக்காவின் 2.8-ஐ வைத்துப் பாருங்கள். ஒரு கோட்டின்படி அவர் நல்ல பக்கம், இன்னொன்றின்படி கெட்ட பக்கம். ஒரே ரத்தம்தான். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கோடு வரும்வரை தனி ஆளிடம் இந்த எண்ணைச் சொல்ல நான் தயாரில்லை. என் நோயாளிகளிடம் சொல்வதும் இல்லை.

இன்னொரு சிக்கல், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தவை. கட்டி பெரிதாக, நெறி கட்டி வந்தவர்களுக்கு அழற்சியும் கூடுதலாக இருக்கும். சர்க்கரை, உடல் பருமன், சொத்தைப் பல், ஆறாத கால் புண் எல்லாம் இந்த விகிதத்தை ஏற்றும். பயாப்சிக்கு முந்தைய இரவு தூங்காத பயம்கூடக் கொஞ்சம் ஏற்றும். இவற்றையெல்லாம் பிரித்துவிட்டு எண் மட்டும் தனியாக எவ்வளவு சொல்கிறது என்பதுதான் இன்னும் நடக்கிற வேலை. புற்றுநோயின் நிலையை வகுக்கிற ஏஜேசிசி கையேட்டின், 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், கட்டி அளவு, நெறி, பரவல் இவற்றோடு கிரேடு, ஈஆர், பிஆர், ஹெர்2 எல்லாவற்றையும் சேர்த்து நிலை சொல்கிறார்கள். என்எல்ஆர் அதில் இல்லை. பிளேட்லெட்டை லிம்போசைட்டால் வகுப்பது, மூன்றையும் சேர்த்துப் பெருக்கி வகுப்பது என்று வேறு எண்களும் உண்டு, அவற்றின் நிலையும் இதேதான்.

சிஆர்பி பற்றிக் கேட்டீர்கள். அது புதிதல்ல, 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 734 பெண்களை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். நோய் கண்டுபிடித்து இரண்டரை வருடம் போல ஆன பிறகு எடுத்த ரத்தத்தில் சிஆர்பி அதிகமாக இருந்தவர்கள் பின்னால் குறைவாகவே பிழைத்தார்கள், நோயின் நிலை, உடல் எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும். எனக்கு இது முக்கியமான ஆய்வு. சிகிச்சை முடிந்தபின் நடை, எடை, சர்க்கரை மூன்றையும் நான் விடாமல் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கீமோ நடுவில் சிஆர்பி எடுத்தால் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் உதவும். காய்ச்சல் இல்லாதபோது அந்தப் பணத்தைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி வாங்கி வைத்தது பற்றி: குழம்பில் மஞ்சள், தாளிப்பில் கருஞ்சீரகம், தாராளமாக. மஞ்சள் மாத்திரை வேண்டாம். செறிவாக எடுத்தால் சிலருக்குக் கல்லீரலைத் தொடும், கீமோ மருந்தோடு மோதவும் வாய்ப்பு உண்டு. எந்த மாத்திரையானாலும் உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

அக்காவுக்கு ஒரு எண்ணோ விவரமோ வேண்டும் என்றால், இதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்னும் கட்டியை டாக்டர் கையால் பார்த்து அளப்பார், "போன தடவைக்கு எவ்வளவு?" என்று கேட்கலாம். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த சதையை முழுதாகப் பரிசோதித்து, உயிருள்ள புற்றுச் செல் மீதி இருக்கிறதா என்று பேத்தாலஜி ரிப்போர்ட் வரும். மூன்றும் நெகட்டிவ் வகையில் வருங்காலத்தைப் பற்றி நம்மிடம் இருக்கிற வலுவான தகவல் அதுதான். எதுவும் மீதி இல்லை என்று வந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. மீதி இருந்தாலும் கை விரிப்பதில்லை. காபெசிடபின் மாத்திரை சேர்த்துக் கொடுப்பது பலன் தருகிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ரிப்போர்ட் வர, திட்டமிட்ட கீமோ முழுவதும் நேரத்துக்குப் போக வேண்டும். அவர் நிறுத்த நினைப்பது இந்த ஒன்றை.

உசிலம்பட்டி தங்கை

டாக்டர் ஐயா, அண்ணே, மேலூர் அக்கா, மூவருக்கும் நன்றி. வியாழக்கிழமை வருவதாக அக்கா ஒத்துக்கொண்டாள். மனசு முழுதாகத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருகிறாள். தம்பியையும் கூட்டிப் போகிறோம், கவுண்ட்டை அவனே டாக்டரிடம் கேட்கட்டும்.

ஒன்றே ஒன்று. வருடா வருடம் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அவள் போகாமல் இருந்ததில்லை. இந்தத் தடவையும் கேட்கிறாள். போகலாமா?

பதில்: புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர், மதுரை

கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை கவுண்ட் அடியில் இருக்கும். ஆற்றில் இறங்கும் நாள் அதற்குள் வந்தால் அந்தக் கூட்டத்துக்கு வேண்டாம், டிவியில் பார்க்கட்டும். வியாழக்கிழமை போகும்போது திருவிழாத் தேதியை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். கீமோவை அதற்காகத் தள்ளிப் போடக் கேட்காதீர்கள். ஆனால் அன்றைக்குக் கவுண்ட் ஏறியிருக்குமா என்று அவரால் சொல்ல முடியும். ஏறியிருந்தால் முகக்கவசத்தோடு, ஆற்றங்கரை நெரிசலுக்குள் போகாமல், ஏதாவது மண்டகப்படியில் ஓரமாக நின்று பார்க்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். நீர்மோர், பானகம் மட்டும் வெளியில் வாங்கிக் குடிக்க வேண்டாம், வீட்டில் காய்ச்சிய தண்ணீரை எடுத்துப் போங்கள்.

பதில்: கோரிப்பாளையம் லேப்காரர்

முந்தைய நாள் ஒரு கவுண்ட் எடுத்துவிடுங்கள் தங்கச்சி. திருவிழா நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நுழையாது, பாதி லேப் மதியமே மூடிவிடும். உசிலம்பட்டியிலேயே காலையில் கொடுத்து, ஏஎன்சி எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் மொத்த எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு அந்தக் கணக்கு நன்றாகவே வரும்.